கார்டிசாலைக் குறைக்க அசுவகந்தா: வாங்கலாமா?

கேள்வி: ஒசூர் வாசகர், 3 மார்ச் 2025

எனக்கு வயது 29. தொழிற்சாலையில் பெரும்பாலும் இரவு ஷிப்ட். சில மாதங்களாக நெஞ்சு படபடப்பு, காரணமில்லாத பயம், தூக்கமின்மை. முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் கார்டிசாலும் சேர்ந்திருந்தது. 22.4 என்று வந்திருக்கிறது. மேல் எல்லை 19.4 என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஜிம் பயிற்சியாளர், "மன அழுத்த ஹார்மோன் கூடிவிட்டது, அசுவகந்தா 600 மி.கி. எடுத்தால் இரண்டு மாதத்தில் இறங்கிவிடும்" என்கிறார். 28 சதவீதம் குறையும் என்று ஆய்விலேயே நிரூபித்திருக்கிறார்களாம். மாத்திரையும் அவரிடமே கிடைக்கிறது. வாங்கலாமா?

3 மார்ச், இரவு

இப்போதைக்கு வேண்டாம். முதலில் இரண்டு விவரம் சொல்லுங்கள். ரத்தம் கொடுத்தது எத்தனை மணிக்கு? அதற்கு முன் கடைசியாகத் தூங்கி எழுந்தது எப்போது? இவை தெரியாமல் 22.4 என்ற எண்ணுக்கு யாரும் பொருள் சொல்ல முடியாது.

நான் மருத்துவர் அல்ல, வங்கியில் வேலை பார்ப்பவள். பதற்றத்தோடு பல ஆண்டுகள் வாழ்ந்து, யார் எதைச் சொன்னாலும் வாங்கி விழுங்கிய காலம் ஒன்று எனக்கும் உண்டு. அதன் பிறகுதான் ஆய்வுக் கட்டுரைகளை நிதானமாகப் படிக்கப் பழகினேன். நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

4 மார்ச்

இரவு ஷிப்ட் முடிந்து நேராக ஆய்வகம், காலை 7.30, பொட்டுத் தூக்கம் இல்லை என்று பதில் எழுதியிருக்கிறீர்கள். நான் நினைத்தது இதைத்தான்.

கார்டிசால் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இரவில் தூங்கிக் காலையில் எழுபவருக்கு நள்ளிரவை ஒட்டி அது மிகக் குறைவாக இருக்கும். விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்கும். கண் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் மேலும் ஒரு முறை எகிறும். பிறகு இரவு வரை படிப்படியாக இறங்கும். உங்கள் அறிக்கையில் உள்ள 19.4 என்பது அப்படி வாழும் ஒருவரின் காலை எல்லை. இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, தூங்காமல் வந்து கை நீட்டியவருக்காக வகுத்த எல்லை அல்ல. போதாக்குறைக்கு, ஊசியைக் கண்டு பயந்தாலே கார்டிசால் கூடும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு அதை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதம் பெருகுவதால் மொத்த அளவு கூடிக் காட்டும். அவர்களுக்கு நோய் எதுவும் இருக்காது.

கார்டிசால் உண்மையிலேயே மிகுந்துபோகும் நோய் ஒன்று உண்டு, குஷிங் சிண்ட்ரோம். முகம் உருண்டுவிடும், வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள் விழும், லேசாக இடித்துக்கொண்டாலே ரத்தம் கட்டும், தொடைத் தசை தளர்ந்து மாடிப்படி ஏறுவதே சிரமமாகும். அந்த நோயைச் சந்தேகிக்கும்போதுகூட ஹார்மோன் மருத்துவர்கள் காலையில் எடுத்த ஒரே ஒரு அளவை நம்புவதில்லை. பின்னிரவு உமிழ்நீரில் பார்ப்பார்கள், 24 மணி நேரச் சிறுநீரில் பார்ப்பார்கள். அல்லது இரவில் 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன் (கார்டிசால் சுரப்பை அடக்கும் ஸ்டீராய்டு மருந்து) கொடுத்து, மறுநாள் காலை அளவு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே அடங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட ஒரு பரிசோதனையைச் சலுகை விலைத் தொகுப்பில் சேர்த்து விற்பது எனக்குக் கோபமூட்டுகிறது. ஏற்கெனவே பயந்துபோயிருக்கும் மனிதரின் கையில் தடித்த எழுத்தில் ஓர் எண்ணைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு விளக்கம் சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

4 மார்ச், சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்வதும், உள்ளங்கை வியர்ப்பதும் பெரும்பாலும் அட்ரினலின் செய்யும் வேலை. அது நொடிகளில் பாயும். கார்டிசால் மெதுவாக வந்து மெதுவாகப் போகும். பயம் கூடினால் கார்டிசாலும் கூட வேண்டும் என்ற கணக்கும் எப்போதும் பொருந்துவதில்லை. யூத இனப்படுகொலையில் உயிர் தப்பியவர்களை ஆய்வாளர் ரேச்சல் யெஹுடா ஆராய்ந்தபோது, அந்த மனக்காயத்தின் பாதிப்பு இன்னும் விலகாதவர்களிடம் கார்டிசால் குறைவாக இருந்ததையே கண்டார். மாத்திரை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

5 மார்ச்

அந்த "28 சதவீதம்" பற்றி. பயிற்சியாளர் சொன்னது கட்டுக்கதை அல்ல. 2012இல் ஐதராபாத்தில் நடந்த ஆய்வு அது. 64 பேர், நாளுக்கு இரு வேளை 300 மி.கி. அசுவகந்தா வேர்ச்சாறு, 60 நாள். மருந்து எடுத்தவர்களுக்கு ரத்தக் கார்டிசால் 27.9 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 7.9 சதவீதம் குறைந்தது. பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதே திசையையே காட்டுகின்றன. 2019இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் அட்ரியன் லோப்ரெஸ்டி குழு வெளியிட்ட ஆய்வில் 60 பேர், 240 மி.கி., அதுவும் 60 நாள்தான். எனவே இது எதுவுமே செய்யாத பொருள் என்று நான் சொல்லவில்லை. ஓரளவு செய்கிறது.

ஆனால் அறுபது எழுபது பேர், இரண்டு மாதம் என்ற அளவைத் தாண்டி இந்த ஆய்வுகள் பெரும்பாலும் போவதில்லை. ஓராண்டு தொடர்ந்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இவற்றில் விடை கிடையாது. கடைகளில் ஆறு மாத டப்பாதான் தள்ளுபடியில் கிடைக்கிறது.

இன்னொன்று. ஆய்வில் கொடுத்தது குறைந்தது 5 சதவீதம் வித்தனோலைடு (அசுவகந்தாவில் வேலை செய்வதாகக் கருதப்படும் சேர்மங்கள்) இருக்குமாறு செறிவூட்டிய சாறு. 2019 ஆய்வில் பயன்படுத்தியது அதைவிடப் பல மடங்கு செறிவானது, 35 சதவீதம். வெறும் வேர்ப்பொடியில் இந்தச் சேர்மங்கள் ஒரு சதவீதத்தை எட்டுவதே அரிது. அதனால் "600 மி.கி." என்று மட்டும் போட்டிருந்தால் டப்பாவில் ஒட்டிய அந்தச் சீட்டு பாதி விவரத்தைத்தான் சொல்கிறது. எந்த வகைச் சாறு, எத்தனை சதவீதம் என்பதும் இருக்க வேண்டும்.

6 மார்ச்

உடற்பயிற்சிக்கு முன் அதே பயிற்சியாளர் கொடுக்கும் பொடியைக் கரைத்துக் குடிக்கிறீர்கள் என்று இன்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்த டப்பாவைத் திருப்பி, காஃபீன் எவ்வளவு என்று பாருங்கள். இவ்வகைப் பொடிகளில் ஒரு கரண்டிக்கு 200 முதல் 300 மி.கி. வரை இருப்பது சாதாரணம். குடித்த காஃபீனில் பாதி உடலைவிட்டு வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். கார்டிசாலைக் கூட்டுவதும் அதன் இயல்பு. இதற்கு மேல் ஷிப்டில் குடிக்கும் காபியும் இருக்கிறது.

ஒரே கடையில் படபடப்பைத் தரும் பொடியையும் அதை அடக்கும் மாத்திரையையும் வாங்கப் போகிறீர்கள். முதலில் பொடியை நிறுத்துங்கள். காபியைப் படிப்படியாகக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும்.

9 மார்ச்

மதுரை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நம் முன்னோர் அமுக்கரா சாப்பிட்டு நூறு வயது வாழ்ந்தார்கள். இயற்கை மூலிகைக்குப் பக்கவிளைவா?"

அமுக்கரா என்பது அசுவகந்தாவின் தமிழ்ப் பெயர். அதன் மீது எனக்கும் மரியாதை உண்டு. என் அம்மாச்சி வீட்டில் இரவுப் பாலில் அமுக்கராச் சூரணம் போட்டுத்தான் குடிப்பார்கள். ஆனால் அந்தச் சூரணம் என்ன என்று பார்ப்போம். பரவலாக வழங்கும் சித்த மருத்துவச் செய்முறையில் கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தியதன் இரு மடங்கு. எடையில் பாதி சர்க்கரை, கால் பங்குதான் அமுக்கரா. கிழங்கையும் அப்படியே இடிப்பதில்லை. பாலாவியில் அவித்து, உலர்த்தி, பிறகுதான் பொடிப்பார்கள். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள், எதோடு சேர்த்து என்பதை வைத்தியர் நாடி பார்த்துச் சொல்வார். செறிவூட்டிய சாற்றைக் குப்பியில் (கேப்சூல்) அடைத்து, யாரையும் கேட்காமல் இரு வேளையும் விழுங்குவதை முன்னோர் கணக்கில் எழுத முடியாது. (சூரணம் வாங்கும் சர்க்கரை நோயாளிகள் அந்தப் பாதி எடையையும் நினைவில் வையுங்கள்.)

பக்கவிளைவு உண்டு. 2020இல் ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் அசுவகந்தா எடுத்தபின் கல்லீரல் பாதித்த ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். மஞ்சள் காமாலையும் கடும் அரிப்பும் வந்திருந்தன. அவர்களில் நான்கு பேர் தேறிவிட்டார்கள், ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்க முடியவில்லை. 2023இல் இந்திய மருத்துவர்கள் வெளியிட்ட தொகுப்பு இன்னும் கவலை தருவது. ஏற்கெனவே கல்லீரல் நோய் இருந்தவர்களில் இறப்பு நேர்ந்திருக்கிறது. எத்தனையோ பேர் சாப்பிடும் பொருளில் இது அரிதுதான். ஆனாலும் மது அருந்துபவர்களும், கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களும் "இயற்கைதானே" என்று சும்மா எடுக்க வேண்டாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனாலோ உடம்பெல்லாம் அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டுக் கல்லீரல் பரிசோதனைக்குப் போங்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

10 மார்ச்

நேற்று எழுதியதோடு சேர்த்துப் படிக்க: டென்மார்க் 2023இல் அசுவகந்தாவைத் தடை செய்தது. நம் ஆயுஷ் அமைச்சகம் அந்த முடிவை ஏற்கவில்லை. ஆனால் அதே அமைச்சகம் 2021இல், அசுவகந்தாவின் இலையைப் பயன்படுத்த வேண்டாம், வேரை மட்டுமே பயன்படுத்துங்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. சீட்டில் "வேர்" என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்கு இதுவே காரணம்.

இந்த ஒரே மூலிகை நம் கடைகளில் இரண்டு வழியாக வருகிறது. ஆயுஷ் மருந்து உரிமத்தோடு ஒன்று, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணோடு மற்றொன்று. இரண்டாவது வகை டப்பாவில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற வாசகம் இருக்கும். நோயைத் தீர்ப்பதற்கென்று அதை விற்கக் கூடாது என்பதுதான் சட்டம்.

14 மார்ச்

தைராய்டு பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். இது என் சொந்த அனுபவம் என்பதால் சற்று நீளும்.

அசுவகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். 2018இல் வந்த ஒரு சிறிய ஆய்வு, லேசான தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கு இதனால் அளவுகள் ஏறியதைக் காட்டியது. குறைவாகச் சுரப்பவருக்கு அது நன்மையாகத் தெரியலாம். அளவாகவோ மிகையாகவோ சுரப்பவருக்கு? தைராய்டு மிகுந்தால் வருவதும் இதே படபடப்பு, நடுக்கம், வியர்வை, தூக்கமின்மைதான். பதற்றத்துக்கென்று எடுக்கும் மாத்திரையே பதற்றத்தைக் கொண்டுவந்துவிடும். என் சித்தி தைராய்டு குறைபாட்டுக்குத் தைராக்சின் மாத்திரை எடுப்பவர். யாரோ சொன்னார்கள் என்று அசுவகந்தாவையும் சேர்த்துக்கொண்டார். நடந்தாலே மூச்சு வாங்குகிறது, கை நடுங்குகிறது என்று வந்தார். மருத்துவர் அதை நிறுத்தச் சொன்னபின் நடுக்கம் அடங்கியது.

என் கதை வேறு. பதற்றம் உச்சத்தில் இருந்தபோது எனக்கு முடியும் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. முடிக்கென்று 10 மி.கி. பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாளைய தேவை 30 மைக்ரோகிராம்தான். அதாவது முந்நூறு மடங்குக்கும் மேல். அப்போது எடுத்த ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) தரைமட்டம், டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) உச்சம். தைராய்டு மிகைச் சுரப்பு என்று அறிக்கை கத்தியது. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் பார்த்த மருத்துவர் என் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், நாடி பார்த்தார், கண்களைப் பார்த்தார். பிறகு கேட்ட முதல் கேள்வி, "முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா?"

பல ஆய்வக இயந்திரங்கள் ஹார்மோனைப் பிடிக்க பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் வெள்ளமாக இருந்தால் அந்தப் பிடி குழம்பிப்போகும். அதனால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், டி4 பொய்யாகக் கூடும், கார்டிசாலும் பொய்யாகக் கூடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. மாரடைப்பைக் காட்டும் ட்ரோபோனின் பரிசோதனை இப்படிப் பொய்யாகக் குறைந்து ஒருவர் உயிரிழந்ததாக அந்த எச்சரிக்கையில் இருந்தது. நான் மாத்திரையை நிறுத்திச் சில நாள் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஒரு கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருந்தால் இல்லாத தைராய்டு நோய்க்கு நான் மருந்து சாப்பிட்டிருப்பேன்.

ஒசூர் தம்பி, ஜிம்காரர்கள் எடுக்கும் பல்கூட்டு வைட்டமினிலும் பயோட்டின் உண்டு. உங்கள் 22.4இல் அதற்கும் பங்கு இருக்கிறதா என்று பாருங்கள்.

15 மார்ச்

எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். 5, 10 மி.கி. எடுப்பவர்களுக்கு இரண்டு, மூன்று நாள் இடைவெளி பொதுவாகப் போதும் என்பார்கள். நரம்பு நோய்க்காக மிக அதிக அளவு எடுப்பவர்களுக்கு இன்னும் நீளும். ரத்தம் எடுப்பவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

20 மார்ச்

மெக்னீசியம் பற்றிக் கேட்ட தஞ்சாவூர் அம்மாவுக்கு.

மலிவாகக் கிடைப்பது ஆக்சைடு. குடலில் அது சரியாக உறிஞ்சப்படாது, வயிற்றைத்தான் இளக்கும். கிளைசினேட் வகை வயிற்றுக்கு இதம். பதற்றத்துக்கு மெக்னீசியம் உதவுகிறதா என்ற ஆய்வுகளை 2017இல் தொகுத்துப் பார்த்தவர்கள், உதவும் போலத் தெரிகிறது, ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்றுதான் முடித்தார்கள். ரத்தத்தில் அளந்து பார்ப்பதிலும் பெரிய பயன் இல்லை. உடலிலுள்ள மெக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தநீரில் இருக்கிறது. சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். கம்பு, கேழ்வரகு, வேர்க்கடலை, கீரை சாப்பிடும் வீட்டில் தட்டிலேயே நல்ல பங்கு வந்துவிடும்.

எனக்கு அது உதவியது. தூக்கம் ஆழமானது.

21 மார்ச்

நேற்றைய கடைசி வரியை இரவெல்லாம் யோசித்தேன். மெக்னீசியம் தொடங்கிய அதே வாரத்தில்தான் மாலைக் காபியையும் நிறுத்தினேன், தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கவும் தொடங்கினேன். தூக்கத்தைக் கொண்டுவந்தது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இங்கே "எனக்குக் கேட்டது" என்று எழுதும் எல்லோரும் கூடவே வேறு என்னவெல்லாம் மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். படிப்பவருக்கு அதுதான் உண்மையில் உதவும்.

27 மார்ச்

மீன் எண்ணெய். 2011இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் மருத்துவ மாணவர்கள் 68 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரம் ஒமேகா-3 எடுத்தவர்களுக்குப் பதற்ற மதிப்பெண் 20 சதவீதம் குறைவாக இருந்தது. நாளுக்கு 2.5 கிராம். கடையில் விற்கும் 1,000 மி.கி. குப்பியில் உண்மையான ஒமேகா-3 பெரும்பாலும் 300 மி.கி.தான், மிச்சம் வேறு கொழுப்பு. ஆய்வின் அளவை எட்ட எட்டுக் குப்பிக்கும் மேல் விழுங்க வேண்டும். ஒன்றை விழுங்கிவிட்டு அந்த ஆய்வை மேற்கோள் காட்டுவதில் பொருளில்லை. மீன் சாப்பிடுபவர்கள் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கிக் குழம்பு வையுங்கள். விலையும் குறைவு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதிக அளவு எண்ணெய்க் குப்பிகளை மருத்துவரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம்.

2 ஏப்ரல்

"அட்ரினல் சோர்வு", அதாவது கார்டிசாலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது என்று சொல்லி ஒருவரிடம் பெருந்தொகைக்குச் சத்துப் பொதி விற்றிருக்கிறார்கள். அப்படி ஒரு நோயை ஹார்மோன் மருத்துவம் ஏற்கவில்லை. 2016இல் கிடைத்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்தவர்களும் அதற்கு ஆதாரம் இல்லை என்றே எழுதினார்கள். அட்ரினல் சுரப்பி உண்மையிலேயே செயலிழக்கும் அடிசன் நோய் வேறு. அதற்குப் பொதி போதாது, ஹார்மோனையே மருந்தாகக் கொடுக்க வேண்டும். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். சோர்வுக்கு ஹீமோகுளோபின், பி12, தைராய்டு, சர்க்கரை பாருங்கள்.

மனநல மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 5-எச்.டி.பி. என்ற சத்து மாத்திரை, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இரண்டையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள். செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் ஆபத்தான அளவுக்குப் போகலாம். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைக்கும்.

11 ஏப்ரல்

ஒசூர் தம்பி திரும்பி வந்து எழுதியிருக்கிறார். பொடியை நிறுத்தியிருக்கிறார், காபி இரண்டு டம்ளராகக் குறைந்திருக்கிறது. பகல் ஷிப்ட் வாரத்தில், இரவு தூங்கி எழுந்து கொடுத்த ரத்தத்தில் கார்டிசால் எல்லைக்குள் இருக்கிறது. தைராய்டு சரி. பி12 மட்டும் குறைவு, 160, அதற்கு ஊசி போடுகிறார்கள். படபடப்பு பாதி குறைந்தது என்கிறார். "ஆனால் இரவில் அந்தப் பயம் இன்னும் வருகிறது அக்கா, எண் சரியாகிவிட்டதே, பிறகு ஏன்?"

எண் சரியாக இருந்தும் உங்கள் பயம் நிஜமானதுதான், தம்பி. பதற்ற நோயை ரத்தப் பரிசோதனை கண்டுபிடிக்காது. உட்கார்ந்து கேட்கும் மருத்துவர்தான் கண்டுபிடிப்பார். அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. இரண்டுக்கும் இந்த மாத்திரைகளைவிடப் பன்மடங்கு சான்று இருக்கிறது. நான் தேறியது அந்த வழியில்தான். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்குப் பேசுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டிலுள்ள டப்பாக்கள் எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், பெயரை மட்டும் சொன்னால் போதாது. ஷிப்ட் மாற்றத்துக்குக் கடிதம் தர முடியுமா என்றும் கேளுங்கள். மேலாளர் என்ன நினைப்பார் என்ற கவலை இருந்தால், தூக்கக் கோளாறு என்று மட்டும் எழுதித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.